கரூர் மாவட்டம், 1950 – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 2003 முதல் இணையத்தைப் பயன்படுத்தி வருகிறேன். ஆனாலும் நான் அரைமணி நேரம் தேடியும் கிடைக்காததைக் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தந்துவிடுகிறாள். சென்ற மாதம், என் தாத்தா 1950-இல் வாங்கிய நிலத்தின் பழைய கணக்கை எங்கே கேட்டுப் பெறுவது என்று இருவரும் தேடினோம். "கரூர் மாவட்டம் 1950 நில ஆவணம்" என்று பலவிதமாக இட்டுப் பார்த்தும் அவளுக்கும் ஒன்றும் அகப்படவில்லை. தேடும் திறமை அனுபவத்தால் வருவதா, வயதால் போவதா?

— ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை, கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற என் நண்பரிடம் வாசித்துக் காட்டினேன். கைப்பேசியில் ஒவ்வொரு எழுத்தையும் ஒற்றை விரலால் துழாவித் தட்டுபவர் அவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "1950-ன்னா ஜூலைக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்பது. வருவாய்க் கணக்குகள் பசலி ஆண்டில் எழுதப்படுபவை. பசலி ஜூலை முதல் தேதி பிறக்கிறது. ஆகவே அந்த நாளுக்கு முன் என்றால் பசலி 1359, பின் என்றால் 1360. அடுத்து, நீங்கள் தேடியது 'நில ஆவணம்' அல்ல, 'அடங்கல்' (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்தார் என்று கிராமத்தில் ஆண்டுதோறும் எழுதும் கணக்கு) என்றார். மூன்றாவதாக அவர் சொன்னது உங்களுக்கே தெரிந்ததுதான்: 1950-இல் கரூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் கரூர் ஒரு தாலுகா. தனி மாவட்டம் ஆனது 1995-இல்தான். இல்லாத மாவட்டத்தின் பெயரைக் கொண்டு தேடினால் அண்ணன் மகள் என்ன செய்வாள், பாவம்!

இணையத்தில் தேடுவதற்கு இருவகைப் பழக்கம் வேண்டியிருக்கிறது: ஒன்று கருவியின் பழக்கம், மற்றது பொருளின் பழக்கம். சொற்களை மேற்கோள் குறிக்குள் இடுவது, ஒரு தளத்துக்குள் மட்டும் தேடுவது, வேண்டாத சொல்லைக் கழிப்பது ஆகியவை முதல் வகை. இவற்றை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். உங்கள் அண்ணன் மகளின் வேகமும் பெரும்பாலும் இதில் அடங்கிவிடுகிறது. எழுதியவன் தன் காலத்தில் எந்தச் சொல்லைப் புழங்கியிருப்பான் என்று அறிவது இரண்டாவது வகை. தேடுபொறிக்கு நாம் கொடுத்த சொல்தான் பிடி. மாவட்டம் என்று தேடுபவருக்கு ஜில்லா என்று எழுதிய பக்கம் எளிதில் அகப்படாது. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹோல்ஷர், ஷ்ட்ரூபே இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. இணையப் பழக்கமும் பொருளறிவும் சேர்ந்தவர்களே அதில் நன்றாகத் தேடினார்கள். வயதைப் பற்றிக் கேட்டீர்கள். கையும் கண்ணும் மந்தப்படலாம். சொல்வளம் அவ்வளவு எளிதில் போவதில்லை.

ஆனால் பொருளறிவு மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் என 45 பேர் இணையப் பக்கங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிட்டார்கள். கேட்கப்பட்டவற்றில் ஒன்று குழந்தை மருத்துவர்களின் இரு அமைப்புகள் பற்றியது: ஒன்று 1930-இல் தொடங்கிய பெரும் சங்கம், மற்றது அதிலிருந்து பிரிந்தவர்கள் 2002-இல் தொடங்கிய சிறு குழு. பெயர்கள் ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிக்கும். ஆவணங்களைச் சந்தேகிப்பதையே தொழிலாகக் கொண்ட வரலாற்றாசிரியர்களில் பலர் அந்தச் சிறு குழுவின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்து, அதன் அடக்கமான தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை முழுக்கப் படிக்கவே இல்லை. உடனே வேறு பக்கங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். அச்சுப் புத்தகத்தில் ஊறிய நம் தலைமுறை (என்னையும் சேர்த்துத்தான்) பொறுமையாகப் படிப்பதை நற்குணம் என்று நம்பியே கெட்டுப்போகிறது. அந்தச் சரிபார்ப்பாளர்கள் வயதால் தேர்ந்தவர்கள் அல்லர். ஒவ்வொரு நாளும் பொய்களோடு மல்லுக்கட்டியதால் தேர்ந்தவர்கள். இருபது ஆண்டுகளாக முதலில் வரும் சுட்டியையே அழுத்தி வந்தவருக்கு அந்த இருபது ஆண்டுகள் ஒன்றையும் கற்றுத் தந்திருக்காது.

நிலக் கணக்கைப் பொறுத்தவரை, அடங்கல் இணையத்திலேயே கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதை எங்கே, எப்படி மனு செய்து பெறுவது என்ற வழிதான் கிடைக்கும். "அடங்கல் நகல் பெறுவது" என்று அண்ணன் மகளைத் தட்டச் சொல்லுங்கள்; மனுவில் பசலி எண்ணையும் தாலுகாவையும் நீங்கள் சொல்லுங்கள். சர்வே எண் இல்லாமல் அது நகராது. 1980-களில் யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பு நடந்தபோது உட்பிரிவுகள் மாறியிருக்கக்கூடும் என்பதால், இப்போதைய பட்டாவில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். பழைய எண் தாத்தாவின் கிரையப் பத்திரத்தில், சொத்து விவரத்தின் கீழே இருக்கும்.