ஃபலாஃபெல் எண்ணெயில் போட்டதும் ஏன் உதிர்ந்துவிடுகிறது?

ஃபலாஃபெல் என்பது ஊறவைத்த கொண்டைக்கடலையை வெங்காயம், பூண்டு, சீரகம், கொத்தமல்லித்தழை சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துப் பொரிக்கும் உருண்டை. லெபனான், சிரியா, பாலஸ்தீனத் தெருக்களில் சுடச்சுடக் கிடைக்கும்.

உதிர்வதற்குப் பெரும்பாலும் காரணம், கடலையை வேகவைத்து அரைப்பதுதான். வெந்த கடலையின் மாவுச்சத்து ஏற்கெனவே தண்ணீரைக் குடித்துக் கூழாகியிருக்கும். வேகாத கடலையில் அது எண்ணெய்ச் சூட்டில்தான் வெந்து, பக்கத்துத் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். நம் மசால்வடையும் அப்படித்தானே! பருப்பை ஊறவைத்து அரைக்கிறோம், வேகவைப்பதில்லை. 12 மணி நேரமாவது ஊறட்டும், அப்புறம் தண்ணீரை ஒட்ட வடித்துவிடுங்கள். இந்த இரண்டில் மட்டும் அவசரமே கூடாது.

சரி, கொண்டைக்கடலை இல்லாமல் ஃபலாஃபெல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எகிப்தில் இதையே தோல் நீக்கிய உலர்ந்த ஃபாவா பீன்ஸில் (ஒருவகைப் பெரிய பயறு) செய்து, தாமியா என்கிறார்கள்.