அன்றாட ஜெபமும் ஒழுங்கும்: ஆயர் ஐயாவின் கேள்வி பதில்

தென்மாவட்டச் சபைகளில் ஊழியம் செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம், குடும்ப ஜெபம் ஆகியவற்றைக் குறித்து நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன். சபைத் தேர்தல் வழக்குகளையும் கடைசிக்காலக் கணக்குகளையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நான் இரவுப்பணி பார்க்கும் செவிலியர். காலையில் வீடு திரும்பி வேதாகமத்தைத் திறந்தால் அப்படியே தூங்கிவிடுகிறேன். அதிகாலை ஜெபம் இல்லாமல் பக்தியில் வளர முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. அவரே இராமுழுவதும் ஜெபித்தார் என்று லூக்கா 6:12 சொல்கிறது. ஈசாக்கு தியானம்பண்ண வெளியே போனது சாயங்காலத்தில். தானியேல் முழங்கால்படியிட்டது தினமும் மூன்று வேளை. நேரங்கள் வேறுபட்டாலும், தானியேலுக்கு ஒரு குறித்த வேளை இருந்ததையும், சிங்கக்கெபியின் பயம் வந்தபோதும் அதை அவன் மாற்றவில்லை என்பதையும் கவனியுங்கள். நீங்கள் தூங்கி எழும் பிற்பகலே உங்களுக்கு அதிகாலை. முகம் கழுவியதும், கைபேசியைத் தொடுவதற்கு முன், கால் மணி நேரம் உட்காருங்கள். காலையில் படுக்கப்போகும்போது, அன்றிரவு நீங்கள் கவனித்த நோயாளிகளைக் கர்த்தரிடம் ஒப்புவித்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் ஆதியாகமத்தில் தொடங்குகிறேன், லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன். முழு வேதத்தையும் ஓர் ஆண்டில் வாசிக்க வழி சொல்லுங்கள்.

பதில்: வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள் உள்ளன. திங்கள் முதல் சனிவரை நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிடும். நம் பெரியவர்கள் பலர் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் பலமுறை இடறியவர் அதே படியில் மறுபடியும் கால் வைக்க வேண்டியதில்லை. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்று வாசித்தால் 52 வாரங்களில் சரியாக முடியும். சனியும் ஞாயிறும் விட்டுப்போனதை வாசிக்க உதவும். இரண்டு நாள் தவறினால் அன்றைய பகுதியிலிருந்தே தொடருங்கள். தவறிய நாட்களைக் கடனாகச் சுமந்ததால்தான் நீங்கள் லேவியராகமத்தோடு நின்றீர்கள் என்று எண்ணுகிறேன்.

கேள்வி: தினமும் ஒரு வாக்குத்தத்த அட்டை எடுத்து ஜெபிக்கிறேன். கர்த்தருடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற எரேமியா 29:11 அடிக்கடி வருகிறது. இது போதுமா?

பதில்: போதாது. முந்தின வசனத்தையும் வாசியுங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பே திரும்பி வருவீர்கள் என்று சிறையிருப்பில் உள்ளவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. அந்த நம்பிக்கையைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே மரித்திருப்பார்கள். அதை அறிந்து வாசிக்கும்போது அந்த வசனத்தின் ஆறுதல் இன்னும் ஆழமாகிறது. அதிகாரத்திலிருந்து பிடுங்கிய வசனத்தால் மட்டும் உயிர்வாழாதீர்கள். இதை எல்லாச் சபைகளிலும் சொல்லிவந்தேன், இங்கேயும் சொல்கிறேன்.

கேள்வி: அதிகாலை 4 மணிக்கு எழுந்தால்தான் ஜெபம் கேட்கப்படுமா?

பதில்: இல்லை. முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, நான் கல்லூரி மாணவன். கண்ணை மூடியதும் மனம் எங்கெங்கோ ஓடுகிறது.

பதில்: தம்பி, இதே குறையைக் குறித்து, சபைச் சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூத்தர் தன் நாவிதரான பேதுருவுக்காக 1535-இல் விரிவாக எழுதினார். நல்ல நாவிதர் கத்தியின்மேலும் முடியின்மேலும் கண்வைத்திருப்பார்; பேச்சில் மனம்போனால் வாடிக்கையாளரின் மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவார்; ஜெபத்துக்கும் அந்தக் கவனமே வேண்டும் என்றார். அதற்கு அவர் சொன்ன வழி எளியது. பத்துக் கற்பனைகளில், அதாவது தேவன் கொடுத்த பத்துக் கட்டளைகளில், ஒன்றை எடுத்து நான்கு இழைகளாகப் பின்ன வேண்டும்: இது எனக்கு எதைக் கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்ல வைக்கிறது, எந்தப் பாவத்தை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்கத் தூண்டுகிறது. "களவு செய்யாதிருப்பாயாக" என்பதை எடுத்துக்கொண்டால், பிறருடைய உடைமையைக் காக்கும் கடமையும், உன் கல்விக் கட்டணத்தைச் செலுத்திய பெற்றோருக்கான நன்றியும், தேர்வில் பார்த்து எழுதியதுண்டானால் அதன் அறிக்கையும், நேர்மைக்கான விண்ணப்பமும் அந்த ஒரே கற்பனையிலிருந்து வந்துவிடும். நடுவில் ஒரு நல்ல எண்ணம் பெருகி வந்தால் மற்றவற்றை விட்டுவிட்டு அமைதியாக அதற்குச் செவிகொடு என்றும் அவர் எழுதினார். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தையும் இப்படி ஒவ்வொரு விண்ணப்பமாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பார்.

கேள்வி: மன்னிக்க வேண்டும் பாஸ்டர். மனனம் செய்ததை ஒப்புவிப்பது ஜெபமா? வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மத்தேயு 6:7-இல் ஆண்டவரே சொன்னாரே?

பதில்: சொன்னார், சகோதரரே. அடுத்த இரண்டு வசனங்களுக்குள் அவரே பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தார். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 சாட்சி சொல்கிறது. சிலுவையில் அவர் வாயில் வந்தவை 22-ஆம், 31-ஆம் சங்கீதங்களின் வார்த்தைகள்; சிறுவயதிலிருந்து அறிந்த வார்த்தைகள் அந்த வேதனையில் அவருக்கு ஜெபமாயின. அவர் கண்டித்தது திரும்பச் சொல்வதையல்ல. அதிக வசனிப்பினால் கேட்கப்படுவோம் என்ற எண்ணத்தை.

அதே சகோதரர்: ஆனாலும் ஆவியானவர் ஏவும்போது மட்டுமே ஜெபிக்க வேண்டும். ரோமர் 8:26 அதைத்தானே சொல்கிறது?

பதில்: ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாத நமக்கு ஆவியானவர் உதவிசெய்கிறார் என்று அது சொல்கிறது, ஏவுதல் வரும்வரை காத்திரு என்று சொல்லவில்லை. தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது, விளையாட்டு வீரரின் உடற்பயிற்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்தார். மனம் வந்த நாளில் மட்டும் ஓடுபவர் பந்தயத்துக்கு ஆயத்தமாவதில்லை. உங்கள் அச்சத்தில் நியாயமும் இருக்கிறது: உதடு கனம்பண்ண இருதயம் தூரமாயிருப்பதை ஏசாயா 29:13 கடிந்துகொள்கிறது. என் ஊழியத்திலும் ஆராதனை முறைமையை வேகமாக வாசித்து முடித்த ஞாயிறுகள் உண்டு, அதற்காக வருந்துகிறேன். ஆனால் நினைவு மங்கிய முதியவர்களின் படுக்கையருகே நின்றபோது, பிள்ளைகளின் பெயரையே மறந்தவர்கள் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கியதும் என்னோடு சேர்ந்து சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அதை ஒப்புவிப்பு என்று தள்ள என்னால் முடியாது. இதன்மேல் இன்னும் பதினொரு பேர் எழுதியிருக்கிறீர்கள். அனைவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் உபவாசம் இருக்கலாமா?

பதில்: முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், அவர் வேண்டாமென்றால் உணவை விடாதீர்கள். ஞாயிறுகள் அந்த நாற்பதில் சேர்வதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஏசாயா 58 கேட்கும் உபவாசம், பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பது. அதற்கு எந்த நோயும் தடையில்லை.

கேள்வி: குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் நெளிகிறார்கள், கணவர் வருவதே இல்லை.

பதில்: பத்து நிமிடத்துக்குமேல் நீட்டாதீர்கள். ஒரு கீர்த்தனையின் பல்லவியும் ஒரு சரணமும், சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதி, பிள்ளைகள் ஆளுக்கொரு வாக்கியம் ஜெபம். கணவரைக் குறித்து அந்த ஜெபத்திலேயே குத்திக்காட்டாதீர்கள். மற்றதை உங்கள் சபை ஆயரிடம் நேரில் பேசுங்கள்.

கேள்வி: ஜெபிக்கச் சிறந்த நேரம் எது?

பதில்: நாளையும் உங்களால் காக்க முடிகிற நேரம்.

கேள்வி: என் மனைவி இறந்து ஏழு மாதமாகிறது, ஐயா. இருவரும் சேர்ந்து ஜெபித்த இடத்தில் உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வருவதில்லை.

பதில்: உங்கள் கேள்வியைப் பலமுறை வாசித்தேன், ஐயா. இத்தனை அதிகாரம், இத்தனை நிமிடம் என்று மற்றவர்களுக்குச் சொன்னது எதுவும் இப்போது உங்களுக்கில்லை. 88-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வசனம்வரை அதில் ஆறுதல் வருவதில்லை, ஆனாலும் அது முழுவதும் கர்த்தரை நோக்கிய பேச்சு. அதே இடத்தில், அதே வேளையில் அதை வாய்விட்டு வாசியுங்கள். வாசிக்க முடியாத நாளில் சும்மா உட்கார்ந்திருங்கள். சபையில் நீங்கள் நம்பும் ஒருவரை வாரத்தில் ஒரு மாலை வீட்டுக்கு அழைத்து, உங்களுக்காக அவரைச் சத்தமாக ஜெபிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஆமென் மட்டும் சொன்னால் போதும்.