தோலில் பூ வேலை செய்ய உலோக அச்சுகளை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? லேத்தும் உலையும் இல்லாமல்?

தாராளமாக முடியும். ஒரு வைஸ், நாலைந்து அரம், ஆக்சா பிளேடு, வாட்டர் பேப்பர் போதும். போல்ட், ஆணியில் செய்யலாமா, செய்த பிறகு பழுக்கக் காய்ச்சி முறுக்கேற்ற (அதாவது கடினமாக்க) வேண்டுமா, சொந்தப் பெயரையும் அச்சாக வெட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் பெல்ட், பர்ஸ் செய்து விற்பதுதான் என் பிழைப்பு. என் மேஜையில் இருக்கும் அச்சுகளில் பாதிக்கு மேல் நானே ராவியவை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அச்சுக்கு முன்னால் தோலைப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கமிருந்து வரும் ஷூ தோலும் பைத் தோலும் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டவை. அதில் என்னதான் ஓங்கி அடித்தாலும் பள்ளம் கொஞ்ச நேரத்தில் மேலெழும்பி மங்கிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அச்சைக் குறை சொல்பவர்கள் நிறைய. நமக்கு வேண்டியது பட்டையின் துவர்ப்பில் பதனிட்ட தோல். ஆவாரம்பட்டை, கடுக்காய், இப்போது வாட்டில் பட்டைச் சாறு என்று துவர்ப்பு எதிலிருந்து வந்தாலும் சரி. ஈரோடு, திண்டுக்கல், திருச்சிப் பக்கத்துத் தோல் ஷாப்புகளின் (தோல் பதனிடும் இடங்களின்) பழைய பெருமையே இந்த வகைதான். ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று ஏற்றுமதியில் பெயர் பெற்று, புவிசார் குறியீடும் வாங்கியது. அதில் ஆட்டுத்தோல் நம் வேலைக்கு ரொம்ப மெலிசு. மாட்டுத்தோலாக, 2.5 மி.மீ.க்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே சோதித்துவிடலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டைத் தோல் சட்டென்று உறிஞ்சிக் கறுக்கும். வெட்டிய ஓரம் நீலமோ சாம்பலோ கலந்திருந்தால் அது குரோம்.

இனி உலோகம். நான் முதலில் சிபாரிசு செய்வது பித்தளைக் கம்பி. 8 அல்லது 10 மி.மீ. தடிமன், ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. அரத்துக்கு அடங்கும், துரு ஏறாது. அடுத்தது சாதாரண போல்ட். 13 நம்பர் ஸ்பேனர் போடுகிற எம்8 போல்ட்டில் 120 மி.மீ. நீளமானதைக் கேளுங்கள். அந்த நீளத்தில் முனையில் மட்டும்தான் மரை இருக்கும். மரைப் பகுதியை அறுத்து எறிந்துவிட்டால் மீதித் தண்டு கைப்பிடி, தலை அச்சு முகம். தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அது உறுதியான ரகம். ராவக் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஸ்டெயின்லெஸ் போல்ட் அழகாக இருக்கும், ஆனால் அரத்தை வழுக்கிவிட்டுக்கொண்டே இருக்கும், முதல் அச்சுக்கு வேண்டாம். உருக்காலை இருக்கிற ஊர், ஸ்டெயின்லெஸ் கம்பி சல்லிசாகக் கிடைக்குமே என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். அந்த ஆலையில் வருவது தகடும் சுருளும். நாணயம் அடிக்க வட்ட வில்லைகள்கூட அங்கே வெட்டுகிறார்கள். கம்பிக்கு நாமும் மற்ற ஊர்க்காரர்கள் மாதிரி கடை கடையாக ஏற வேண்டியதுதான்.

ஜிங்க் முலாம் பூசிய வெள்ளை போல்ட்டை ராவலாம், அறுக்கலாம். நெருப்பில் மட்டும் காட்டக் கூடாது. அந்தப் புகை ஆளைக் காய்ச்சலில் தள்ளிவிடும்.

நெருப்பு என்றதும் உங்கள் இரண்டாவது கேள்வி. முறுக்கேற்றத் தேவையில்லை. எங்கள் சேலத்துச் செவ்வாய்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வெள்ளிக் கொலுசுக்கு அடிக்கிற டையை, அதாவது எஃகு அச்சைப், பார்த்துவிட்டுத்தான் பலரும் இந்தச் சந்தேகத்தைக் கேட்கிறார்கள். அந்த டை உலோகத்தின் மேல் நாள் முழுக்க அடிபடுவது. கடினமான எஃகில் வெட்டி, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுக்காவிட்டால் சீக்கிரமே மழுங்கிப் போகும். நம் அச்சு விழுவது ஈரத் தோலில். டை வெட்டும் பெரியவர் ஒருவரிடம் என் பித்தளை அச்சைக் காட்டியபோது அவர் முகத்தை மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “வெள்ளிதான் தம்பி முரண்டு புடிக்கும். தோலு சொன்னதக் கேட்டுக்கும். மூஞ்சியில கீறல் இல்லாம பாத்துக்க, அது போதும்” என்றார். நான் சொல்ல வருவதும் அதேதான். தோல் அச்சில் இரும்பின் கடினம் இரண்டாம் பட்சம், முகத்தின் மெருகுதான் வேலை செய்கிறது. மயிரிழைக் கீறல் இருந்தாலும் தோல் அதையும் வாங்கி வைத்துக்கொள்ளும்.

வெட்டத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். அச்சில் நீங்கள் விட்டுவைத்த இடம் தோலில் பள்ளம், ராவி எடுத்த இடம் தோலில் மேடு. இடம் வலம் மாறும். இன்னொன்று, கை அரத்தால் ஓரத்திலிருந்து உள்நோக்கித்தான் கோடு இழுக்க முடியும். நாலு பக்கமும் அடைத்த குழியை அரத்தால் தோண்ட முடியாது, அதற்கு டிரில் பிட் வேண்டும் அல்லது நகாசு வேலைக்காரர்களின் சிற்றுளி வேண்டும். அதனால் ஓரத்திலிருந்து ஓடும் கோடுகள், துளைத்த புள்ளிகள் இந்த இரண்டிலேயே அடங்குகிற வடிவமாக யோசியுங்கள். பூ, இலை, மயிற்கண், சோளக்கதிர் எல்லாம் இதில் அடங்கிவிடும்.

சேலத்துக்காரனுக்கு மாங்காயை விட்டால் வேறென்ன, அதையே எடுத்துக்கொள்வோம். கொலுசில் வரும் அதே மாங்காய். எம்8 போல்ட்டை நிமிர்த்தி வைஸில் பிடியுங்கள். தண்டு நசுங்காமல் இருக்க இரு பக்கமும் தோல் துண்டு வையுங்கள். தலையில் இருக்கும் எழுத்து போகும்வரை தட்டை அரத்தால் ராவி, கண்ணாடித் துண்டின் மேல் 220 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்துத் தேய்த்துச் சமதளமாக்குங்கள். மார்க்கர் பேனாவால் முகம் முழுக்கக் கறுப்படித்து, ஊசியால் மாங்காயைக் கீறுங்கள். 10 மி.மீ. உயரம் போதும். வெளிச் சதையை முதலில் ஆக்சாவால் சாய்வாக அறுத்து எடுத்துவிட்டு, அரை வட்ட அரத்தால் முதுகையும், உருண்டை ஊசி அரத்தால் கழுத்து வளைவையும் கொண்டுவர வேண்டும். அந்தக் கழுத்து வளைவில்தான் நேரம் போகும். அவசரப்பட்டால் மூக்கு ஒடிந்த மாங்காய்தான் மிஞ்சும்.

பக்கச் சுவர் செங்குத்தாக இருக்கக் கூடாது. முகத்திலிருந்து கீழே இறங்க இறங்க அகலும்படி லேசான சரிவு கொடுங்கள், கோணம் பத்துப் பதினைந்து பாகை இருந்தால் சரி. நேர்ச்சுவர் அச்சு தோலின் மேல்பரப்பை வெட்டிவிடும். சரிவான சுவர் அமுக்கி இறக்கும். உருவம் வந்ததும், முக்கோண ஊசி அரத்தால் முதுகு ஓரத்திலிருந்து உள்ளே மூன்று நான்கு நரம்புக் கோடு, கொட்டை இருக்கும் இடத்தில் சென்டர் பஞ்ச் வைத்து 2 மி.மீ. டிரில் பிட்டால் ஒரு குழி. ஆழம் ஒரு மில்லிமீட்டர் போதும். ரொம்ப ஆழமாக வெட்டினால் தோல் அதன் அடிவரை எட்டாது, வெட்டிய உழைப்பு வீண்.

இடையிடையே சரிபார்க்கத் தோலை வீணாக்க வேண்டாம். மெழுகுவத்திப் புகையில் முகத்தைக் காட்டிக் கரி பிடிக்கவைத்து வெள்ளைத்தாளில் அழுத்துங்கள், உருவம் தெரியும். ஆழம் பார்க்கச் சோப்புக் கட்டியில் அழுத்துங்கள்.

பிறகு மெருகு. 400, 800, 1200 என்று நம்பர் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பேப்பரைக் கண்ணாடி மேல் வைத்து அச்சைத் தேய்க்க வேண்டுமே தவிர, பேப்பரை விரலில் சுற்றி அச்சில் தேய்த்தால் முகம் உருண்டுவிடும். கோடுகளுக்குள் ஈர்க்குச்சி முனையில் பிராஸோ பாலிஷ் தொட்டுத் தேய்க்கலாம். எல்லாம் முடிந்த பின், ஒரு தோல் துண்டின் மேல் 1200 பேப்பரை வைத்து அச்சு முகத்தை இரண்டு முறை மெத்தென்று ஒற்றி இழுங்கள். ஓரத்தின் கத்தித்தன்மை போய்விடும். இந்தக் கடைசி ஒற்றலைச் செய்யாமல் விட்ட அச்சுதான் தோலைக் கிழிக்கும்.

மாங்காய் ஒருபுறம் சாய்ந்த வடிவம் என்பதை மறக்கக் கூடாது. பெல்ட்டில் எதிரெதிர் பார்க்கும் ஜோடி வரிசை வேண்டுமென்றால் இடது மாங்காய் ஒன்று, வலது மாங்காய் ஒன்று என இரண்டு அச்சு வெட்ட வேண்டும்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு வெட்டாமலே கிடைக்கும் அச்சுகள் உண்டு. நாலு அங்குல ஆணியின் தலையைப் பாருங்கள், பலவற்றில் கட்டம் கட்டமாகப் பதிந்தே வரும். கூர்முனையை அறுத்துவிட்டு, தலையின் ஓரத்தை மட்டும் மழுக்கினால் பின்னணி நிரப்பும் அச்சு தயார். சைக்கிள் ஸ்போக் முனையை உருட்டி மெருகிட்டால் புள்ளி. ஆணித் தண்டின் முனையில் சின்னக் குழி துளைத்து வெளி ஓரத்தை உருட்டினால் முத்து. அலன் கீயின் நீளக் கால் முனையைச் சமமாக்கி அடுக்கி அடித்தால் தேன்கூடு. 8 மி.மீ. கம்பி முனையில் ஆக்சாவால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டால் சொரசொரப்பு. தொடங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியவை இவைதான் என்பது என் கருத்து. மாங்காய் அப்புறம் வரட்டும்.

அடிக்கும் முறை சரியில்லாமல் நல்ல அச்சைத் திட்டுவதும் நடக்கிறது. தோலை ஸ்பாஞ்சால் நன்றாக நனைத்து, பிளாஸ்டிக் பையில் சில மணி நேரம் மூடி வையுங்கள். வெளியே எடுத்ததும் அடிக்கக் கூடாது. மேல்நிறம் பழையபடி வெளுக்கத் தொடங்க வேண்டும், ஆனால் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். அதுதான் பதம். ஈரம் அதிகமானால் அச்சைச் சுற்றித் தண்ணீர் கசிந்து உருவம் கலங்கும். காய்ந்துவிட்டால் பள்ளம் ஆழமாக இறங்காது. பதத்தில் அடித்தால் பள்ளத்தின் அடி தானாகவே கரும்பழுப்பாகப் பளபளக்கும், தனியாகச் சாயம் தேவையில்லை.

அடிக்க இரும்புச் சுத்தியல் வேண்டாம், பித்தளைத் தண்டின் தலை பூவாக விரிந்துவிடும். புளியங்கட்டையில் செய்த கொட்டாப்புளி நல்லது. அடியில் சமையல் மேடைக்குப் போட்டு மிஞ்சிய கிரானைட் துண்டு, எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது. அம்மிக்கல்லைத் தூக்கி வந்துவிடாதீர்கள். அதன் மேல் கொத்தியிருப்பது தோலின் பின்பக்கத்தில் அப்படியே பதியும்.

இரும்பு அச்சு வைத்திருப்பவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது இரும்புத் தூள் ஒரு துகள் விழுந்தாலும் நீலக் கறுப்பாகக் கறை பிடிக்கும். சேர்வராயன் மலைக் காட்டில் காய்க்கும் கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து முன்பு மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் மை. எனவே ராவும் மேஜையும் தோல் மேஜையும் வேறு வேறாக இருக்கட்டும். அச்சைத் துணியால் துடைத்த பிறகே தோலில் வையுங்கள். துருப் பிடிக்காமல் இருக்கப் பூசும் எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும், அதுவும் திட்டாகப் படியும். கறை விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் தடவினால் பெரும்பாலும் வெளுக்கும். பிறகு தண்ணீரில் துடைத்தெடுங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் பித்தளையை முதலில் சொன்னேன்.

கடைசியாக, பெயர் அச்சு. ஒரு அங்குல அகலத்துக்குப் பெயரும் சின்னமும் சேர்ந்த முத்திரை வேண்டுமென்றால் கையால் ராவ உட்காராதீர்கள். பித்தளைத் தகட்டில் சி.என்.சி.யில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரத்தில்) செதுக்கித் தருகிறார்கள், கொடுத்து வாங்கிவிடுங்கள். அவ்வளவு பெரிய முகம் கொட்டாப்புளி அடியில் ஒரே சீராக இறங்காது. கையால் சுழற்றி இறக்கும் பிரஸ்ஸோ, குறைந்தபட்சம் வைஸின் வாயில் வைத்து இறுக்குவதோ வேண்டும்.

தனித்தனி எழுத்து என்றால் கையாலேயே வெட்டலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் லெட்டர் பஞ்ச் செட்டெல்லாம் ஆங்கிலம்தான், அதுவும் இரும்பில் அடிக்கக் கூராக்கியது, தோலுக்கு முரடு. தமிழுக்கு எல்லா எழுத்தையும் வெட்ட வேண்டியதில்லை. அச்சுக் கோத்த காலத்தில் செய்ததுபோல கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி, புள்ளி ஆகியவற்றைத் தனி அச்சுகளாக வைத்துக்கொண்டால் மெய் எழுத்துக்கும் பல உயிர்மெய்களுக்கும் அடி எழுத்து ஒன்றே போதும். இகர, உகர வரிசைகளைத்தான் தனியாக வெட்ட வேண்டியிருக்கும். ‘ப’விலிருந்து தொடங்குங்கள். திருப்பிப் போட்டாலும் ‘ப’தான், இடம் வலம் குழப்பம் இல்லை. 6 மி.மீ. நீளத்தில் ஒரு நேர்க்கோட்டு அச்சு இருந்தால் மூன்று அடியில் ‘ப’, இரண்டு அடியில் ‘ட’. ‘ஜ’, ‘ஞ’ போன்ற சுழிகளை நான் இன்னும் டை வெட்டுபவரிடம்தான் கொடுத்து வாங்குகிறேன்.