ஓ2 கொடுத்தால் எடை குப்பையாவது ஏன்?

கேள்வி: கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளின் எடைமேடைகளுக்கு எடை காட்டும் பெட்டி செய்து கொடுக்கிறோம். உள்ளே லினக்ஸ் ஓடும் 32 பிட் ஆர்ம் போர்டு. இடம் குறைவு என்பதால் சிறிய சி நூலகம் ஒன்றை நானே எழுதுகிறேன். 'ரைட்' என்ற, எழுத்துகளை வெளியே அனுப்பும் சிஸ்டம் காலுக்கு (கெர்னலிடம், அதாவது லினக்ஸின் மையப் பகுதியிடம், வேலை கேட்கும் அழைப்பு) அசெம்பிளி மேக்ரோ எழுதி, முதலில் 64 பிட் இன்டெல் மடிக்கணினியில் சோதித்தேன். ஆப்டிமைசேஷன் (கம்பைலர் நிரலை வேகமாக்கச் செய்யும் மாற்றங்கள்) இல்லாமல் கம்பைல் செய்தால் எடை சரியாக வருகிறது. ஆப்டிமைசேஷனை இயக்கும் ஓ2 கொடுத்தால் குப்பை எழுத்துகள் வருகின்றன. கம்பைலரான ஜிசிசியில் பிழையா? இதே மேக்ரோ போர்டில் ஓடுமா?

பதில்: ஜிசிசியில் பிழை இல்லை. உங்கள் மேக்ரோ, கெர்னல் செய்யும் வேலையைக் கம்பைலரிடம் முழுமையாகச் சொல்லவில்லை.

அசெம்பிளி வரிக்குள் என்ன நடக்கிறது என்பதை ஜிசிசி படித்துப் பார்ப்பதில்லை. நீங்கள் எழுதித்தரும் உள்ளீடு, வெளியீடு, கெடுபவை (கிளாபர்: அசெம்பிளி வரியால் மாறக்கூடியவை) ஆகிய பட்டியல்களைத்தான் நம்புகிறது. எடையின் எழுத்துகள் இருக்கும் நினைவக இடமான பஃபரின் முகவரியை ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) வைத்துக் கொடுத்தீர்கள். அந்த முகவரியில் உள்ள எழுத்துகளைக் கெர்னல் படிக்கப்போகிறது என்று எங்கும் சொல்லவில்லை. எனவே, பஃபரில் எடையை எழுதிய வரிகளால் யாருக்கும் பயன் இல்லை என்று கருதி ஓ2 அவற்றை நீக்கிவிடுகிறது. உங்கள் நிரலின் ஸ்டாக்கில் (தற்காலிக மாறிகள் இருக்கும் நினைவகம்) கிடந்த பழைய குப்பையைக் கெர்னல் அச்சிடுகிறது. 'கெடுபவை' பட்டியலில் 'மெமரி' என்ற சொல்லைச் சேருங்கள், இது தீரும். அசெம்பிளி வரியில் 'வொலட்டைல்' என்ற சொல் மட்டும் போதாது. அது அசெம்பிளி வரி நீக்கப்படாமல் காக்கும், பஃபரில் எழுதியதைக் காக்காது.

அதே பட்டியலில் ஆர்சிஎக்ஸ், ஆர்11 ஆகிய இரண்டு ரெஜிஸ்டர்களும் இருக்க வேண்டும். 64 பிட் இன்டெலில் 'சிஸ்கால்' கட்டளை திரும்பி வரவேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸிலும் கொடிகளை (செயலியின் நிலை காட்டும் பிட்டுகள்) ஆர்11-இலும் வைக்கிறது. அவற்றில் முன்பு இருந்தவை போய்விடும். இதனால்தான் சிஸ்டம் காலுக்குத் தரும் நான்காவது மதிப்பு, சாதாரண சி அழைப்பில் போவதுபோல ஆர்சிஎக்ஸில் போகாமல் ஆர்10-இல் போகிறது. ஆர்10-ஐக் குறிக்க ஜிசிசியின் உள்ளீட்டுப் பட்டியலில் தனி எழுத்து கிடையாது; ரெஜிஸ்டர் பெயரோடு உள்ளூர் மாறியை அறிவிக்க வேண்டும். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மேக்ரோவுக்குத் தரும் மதிப்பே ஒரு ஃபங்ஷன் அழைப்பாக இருந்தால், அந்த ஃபங்ஷன் ஓடும்போது முன்னரே நிரப்பிய ரெஜிஸ்டர் கெடலாம். மதிப்புகளை எல்லாம் முதலில் சாதாரண மாறிகளில் கணக்கிட்டுவிட்டு, பிறகு ரெஜிஸ்டர்களுக்கு மாற்றுங்கள். மேக்ரோவை விட்டு 'ஸ்டாட்டிக் இன்லைன்' ஃபங்ஷனாக எழுதினால் இந்தத் தொல்லை தானாகவே போய்விடும். மசில் என்ற சிறிய சி நூலகம் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறது, உங்களுக்கும் அதையே சொல்வேன்.

இனி போர்டு. இதே மேக்ரோ அங்கே ஓடாது. ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் ஒரு எண் உண்டு. 64 பிட் இன்டெலில் ரைட்டின் எண் 1. 32 பிட் ஆர்மில் 1 என்றால் நிரலை முடிக்கும் 'எக்ஸிட்'. ரைட்டின் எண் 4. எண்ணை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்றினால், எடை காட்ட வேண்டிய இடத்தில் நிரல் சத்தமில்லாமல் முடிந்துவிடும். எண்களைக் கையால் எழுதாதீர்கள். அந்தந்தக் கட்டமைப்பின் கெர்னல் தலைப்புக் கோப்பிலிருந்து எடுங்கள்.

ஆர்மில் எண் ஆர்7-இல், மதிப்புகள் ஆர்0 முதல், கட்டளை 'எஸ்விசி 0', விடை ஆர்0-இல். ஆர்மின் சுருக்கக் கட்டளை வடிவமான தம்ப் முறையில் ஆர்7 ஃபிரேம் பாயிண்டராகவும் (ஃபங்ஷனின் ஸ்டாக் இடத்தைக் காட்டும் முகவரி) பயன்படுகிறது. அதனால் உங்கள் அனுபவத்துக்கு நேர்மாறாக, அங்கே ஓ2 சரியாக ஓட, ஆப்டிமைசேஷன் இல்லாத கம்பைல்தான் பிழை சொல்லி நிற்கக்கூடும். ஆர்7-இல் இருந்ததை வேறு ரெஜிஸ்டரில் வைத்து, அழைப்பு முடிந்ததும் மீட்டுவிடுங்கள். எடைப் பதிவுகளைக் கோப்பின் நடுவிலிருந்து 'பிரெட்64' என்ற சிஸ்டம் கால் மூலம் படிப்பதாக இருந்தால் இன்னொன்று: கோப்பில் எங்கிருந்து படிப்பது என்று சொல்லும் 64 பிட் மதிப்பு இரட்டை எண் ரெஜிஸ்டரில்தான் தொடங்க வேண்டும். எனவே ஆர்3-ஐக் காலியாக விட்டு ஆர்4, ஆர்5-இல் அனுப்ப வேண்டும்.

பிழை பார்க்கும் பகுதியை அசெம்பிளியோடு சேர்க்காதீர்கள். கெர்னல் தரும் விடை -4095 முதல் -1 வரை இருந்தால் மட்டுமே பிழை. எதிர்மறை எண் எல்லாமே பிழை என்று எழுதினால், 32 பிட் போர்டில் நினைவகம் கேட்கும் 'எம்மேப்' அழைப்பு 2 ஜிபிக்கு மேலான முகவரியைத் தரும் நாளில், நல்ல விடையைப் பிழை என்று தள்ளிவிடுவீர்கள். விடையை 'அன்சைண்டு' (குறியில்லா எண்) ஆக மாற்றி ஒப்பிட்டு, பிழையானால் அதன் எண்ணைக் குறி மாற்றி 'எர்நோ' என்ற பிழை எண் மாறியில் வைத்து, -1 திருப்பும் வேலையைத் தனியாக ஒரு சி ஃபங்ஷன் செய்யட்டும். த்ரெட்டுகள் (ஒரே நிரலில் இணையாக ஓடும் இழைகள்) வந்தால் 'எர்நோ' ஒவ்வொன்றுக்கும் தனியாக இருக்க வேண்டும். அப்போது திருத்த வேண்டியது அந்த ஒரே இடம்தான்.

முதலில் மடிக்கணினியில் 'மெமரி'யைச் சேர்த்து ஓ2-வில் கம்பைல் செய்து, சிஸ்டம் கால்களைக் காட்டும் கருவியான 'எஸ்ட்ரேஸ்' கொண்டு ஓட்டுங்கள். ரைட்டுக்குப் போகும் பஃபரும் நீளமும் அப்படியே திரையில் தெரியும். பிறகு போர்டிலும் அதே சோதனை. எண்ணோ ரெஜிஸ்டரோ தவறாக இருந்தால், அங்கே ரைட்டுக்குப் பதில் வேறு அழைப்பின் பெயர் வரும், அல்லது மதிப்புகள் இடம் மாறி நிற்கும்.