மாலைக்கு ஏன் 'புன்கண்' என்று பேர்?

செங்காங் (சிங்கப்பூர்) வாசகர்: மகளின் பாடத்தில் "ஆர்வலர் புன்கணீர்" என்ற குறள் வருகிறது. 'புன்கண்' என்றால் என்ன, ஐயா?

துன்பம், வாட்டம், பொலிவு மங்கிய நிலை. 71ஆம் குறள் சொல்வது இதுதான்: அன்புக்குத் தாழ்ப்பாள் கிடையாது, வேண்டியவர் படும் துன்பத்தைப் பார்த்ததும் வழியும் கண்ணீரே உள்ளே இருக்கும் அன்பை ஊரறியச் செய்துவிடும்.

பிடோக்: அப்படியானால் 'புன்கண் மாலை'? மாலைக்கு என்ன துன்பம்?

நல்ல கேள்வி. குறுந்தொகை 46, மாமலாடன் பாட்டு. வீட்டுக்குருவி முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்கிறது, மன்றத்துச் சாணத்தூளில் குடைந்து விளையாடுகிறது, பொழுது சாய்ந்ததும் வீட்டுக் கூரை இறவாரத்தில் குஞ்சுகளோடு ஒடுங்குகிறது. அதன் மடங்கிய சிறகு "ஆம்பற் பூவின் சாம்பல்" மாதிரி இருக்கிறதாம். இங்கே சாம்பல் என்றால் வாடிய பூ, அடுப்புச் சாம்பல் இல்லை. பிறகுதான் தலைவி கேட்கிறாள்: "புன்கண் மாலையும் புலம்பும் இன்றுகொல் தோழி, அவர் சென்ற நாட்டே?" ('இன்றுகொல்' என்றால் இல்லையோ.)

கவனியுங்கள், குருவிக்கு ஒரு குறையும் இல்லை. வயிறு நிறைந்து குடும்பத்தோடு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்பவளுக்குத்தான் பொழுதே வாடிப்போகிறது. என்னைக் கேட்டால், சோகத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன பாட்டு குறைவு. (நம் காப்பிக்கடை மேசையில் பரோட்டாத் துணுக்கைக் கொத்தும் குருவியைப் பார்த்தால் எனக்கு இந்தப் பாட்டு ஞாபகம் வரும்.)

வள்ளுவர் இன்னும் ஒருபடி மேலே போய்த் தலைவியை மாலையிடமே பேச விடுகிறார்: "புன்கண்ணை வாழி மருள்மாலை." நீயும் வாடித்தான் நிற்கிறாய், உன் துணையும் என்னவர்போலக் கல்நெஞ்சோ என்று கேட்கிறாள் (1222).

ஈசூன்: புலம்பு என்றால் அழுது புலம்புவதுதானே?

இன்று அப்படித்தான். அன்று தனிமை. "புலம்பே தனிமை" என்கிறது தொல்காப்பியம்.

தெம்பனிஸ்: புன்னகையிலும் இதே 'புன்' தானா?

அதே தான். புன்மை என்றால் சிறுமை. சிறு நகை புன்னகை, வளம் குறைந்த நிலம் புன்செய்.

ஜூரோங்: தமிழ்மொழி மாதக் கவிதைப் போட்டிக்கு எழுதுகிறேன். 'புன்கண்' போடலாமா, அண்ணே?

தாராளமாக. ஆனால் மாலையை ஒட்டியே போடுங்கள், தனியாக விட்டால் கண் நோய் என்று நினைத்துவிடுவார்கள். அப்புறம், இங்கே ஏழு மணி வாக்கில் சூரியன் இறங்கினால் அரைமணியில் இருட்டிவிடும். நீண்டு வதைக்கும் அந்திப்பொழுது நமக்குக் கிடையாது. அடுக்குமாடி புளோக் விளக்குகள் எரிவதற்கு முந்தைய அந்தக் கொஞ்ச நேரத்தை எழுதிப் பாருங்கள்.