கட்டம், கோடு, பூ எல்லாம் கலந்து போட்டும் பொருத்தமாகத் தெரிவது எப்படி?

சிலர் எதையும் எதோடும் போட்டு அழகாக இருக்கிறார்கள், நான் போட்டால் அவசரத்தில் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டது போல இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம், எல்லாமே ஒரே நேரத்தில் முரண்படுவதுதான். நிறம், டிசைன், துணி, அளவு என்று நான்கு விஷயங்கள் கண்ணில் படும். இரண்டை முட்டிக்கொள்ள விடுங்கள், மற்ற இரண்டையும் இழுத்துப் பிடியுங்கள். அளவு எப்போதுமே இழுத்துப் பிடிக்க வேண்டிய பக்கம். தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும், பேன்ட் இடுப்பில் நழுவாமல் நிற்க வேண்டும். தொளதொளவென்று வேண்டுமானால் மேலே அல்லது கீழே, ஒன்றில் மட்டும்.

அதிகம் பேர் சறுக்குவது டிசைன்களைக் கலக்கும்போது. இரண்டு டிசைன்களும் ஒரே அளவில் இருக்கவே கூடாது. 3 செ.மீ. கட்டம் போட்ட சட்டையும் 3 செ.மீ. பூப்போட்ட பாவாடையும் சேர்ந்தால், எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் கண் அலையும். ஒன்று மற்றதைவிட மூன்று நான்கு மடங்காவது பெரிதாக இருக்கட்டும். 8 செ.மீ. பூவுக்குப் பக்கத்தில் 2 மி.மீ. நீல வெள்ளைக் கோடு வைத்துப் பாருங்கள். அந்தக் கோட்டைக் கையில் வைத்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் தனித்தனியாகத் தெரியும். நன்றாகத் தள்ளிப் போனால் இரண்டும் கலந்து வெறும் வெளிர்நீலமாகிவிடும். அதாவது மெல்லிய கோடு தூரத்தில் பிளெயின் துணியாகவே வேலை செய்கிறது. இந்த வகையில் நுழைய அதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது.

இரண்டையும் கட்டிப்போட ஒரு பொது நிறம் தேவை. பெரிய டிசைனில் தூக்கலாகத் தெரியும் நிறத்தை எடுக்காதீர்கள், அது மேட்சிங் போட்ட மாதிரி ஆகிவிடும். இருப்பதிலேயே குறைவாக உள்ள நிறத்தைத் தேடுங்கள்: பூவின் நடுவிலுள்ள கடுகு மஞ்சள், இலை நரம்பின் பச்சை. அது இரண்டாவது துணியிலும், இன்னும் ஒரே ஒரு சின்ன இடத்தில், சாக்ஸிலோ பையின் வாரிலோ, வந்தால் போதும். நாலைந்து இடத்தில் வந்தால் சீருடை ஆகிவிடும்.

முரண் முழு முரணாக இருக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். கிட்டத்தட்ட ஒத்துப்போகும் இரண்டு துணிகள்தான் மிக மோசம். கறுப்புப் பேன்ட்டும் துவைத்து வெளுத்த கறுப்புச் சட்டையும், தூய வெள்ளையும் அதே வகைத் துணியில் லேசான பழுப்பேறிய வெள்ளையும் சேர்ந்தால், ஜோடி சேர்க்கப் பார்த்து முடியாமல் போனது போலத் தெரியும். அதே பழுப்பு வெள்ளையை முரட்டுக் கம்பளியில் எடுத்து, தூய வெள்ளைப் பருத்திமேல் போட்டால் உறுத்தாது. துணியின் வித்தியாசம் அதை வேண்டுமென்றே செய்ததாகக் காட்டும். பளபளக்கும் பட்டுக்கு டெனிம், மெல்லிய வாயில் (voile) துணிக்குத் தோல் பெல்ட் என்று தூரத்துச் சொந்தங்களையே சேருங்கள்.

நியூயார்க்கின் உள் அலங்கார வடிவமைப்பாளர் ஐரிஸ் ஆஃபெல் (1921–2024) இதில் கரை கண்டவர். அவருடைய உடைகளையும் அணிகலன்களையும் 2005-இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் கண்காட்சியாகவே வைத்தது. விலையுயர்ந்த உடைமேல் பழைய பொருள் சந்தையில் வாங்கிய மணிகளை அடுக்கிக்கொள்வார். ஆனால் எப்போதும் போடும் பெரிய வட்ட மூக்குக் கண்ணாடி அவர் அடையாளமாகவே நின்றது. உங்களுக்கும் மாறாத பொருள் ஒன்று இருக்கட்டும். கடிகாரமோ காலணியோ, எதுவானாலும் சரி.

போடும் வரிசை: முதலில் கண்ணைப் பறிக்கும் ஒரு உடை. அடுத்து சின்ன டிசைன் உள்ளது. மூன்றாவது கண்டிப்பாக பிளெயின். காலணியைக் கடைசியில், வேறு குணத்தில் எடுங்கள்: உடை மிடுக்காக இருந்தால் கேன்வாஸ் ஷூ, உடை சாதாரணமாக இருந்தால் பாலிஷ் போட்ட தோல் ஷூ. பையும் ஷூவும் ஒரே ஜோடியாக இருந்தால் கலவையின் உயிரே போய்விடும்.

பிறகு போனில் முழு உருவப் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிர், அடர் வித்தியாசம் போதவில்லை. ஒரு துண்டை அடர்த்தியாக மாற்றுங்கள். அலட்சியமான அழகு வேண்டுமென்றால் சட்டைக் கையை மடிப்பதிலும் கவனம் தேவை. கஃப்பை (மணிக்கட்டுப் பட்டையை) முழங்கைவரை ஒரே மடிப்பாக ஏற்றி, கீழே தொங்கும் பகுதியை மேலே மடித்து, கஃப் விளிம்பு மட்டும் எட்டிப் பார்க்கும்படி விடுங்கள். கலைந்தது போலவும் தெரியும், நழுவவும் செய்யாது.

கால் மணி நேரம் அந்த உடையோடு உட்கார்ந்து, எழுந்து, கையைத் தூக்கிப் பாருங்கள். எதையாவது இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் அந்த ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சாயம் போன டெனிமை வையுங்கள். மற்றதைக் கலைக்க வேண்டாம்.