லா பாஸுக்கு விமானமா, பேருந்தா?

கேள்வி கேட்டவர் குடும்பத்தோடு பெருவில் குஸ்கோ வரை போகிறார், அங்கிருந்து பொலிவியாவின் லா பாஸுக்கு எப்படிப் போவது நல்லது என்கிறார். (அரசியல் சட்டப்படி தலைநகரம் சுக்ரே. அரசாங்கம் நடப்பது லா பாஸில்.)

பேருந்தில் போங்கள். அதுவும் ஒரே ராத்திரியில் போய்ச் சேரும் வண்டியில் வேண்டாம், டிட்டிகாகா ஏரிக்கரையில் ஓரிரு இரவு தங்கிப் போங்கள். நான் இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதல் தடவை விமானம். பொலிவியாவின் இன்னொரு நகரமான சாந்தா குரூஸில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறினேன், ஒரு மணி நேரப் பயணம். சாந்தா குரூஸ் 400 மீட்டர் உயரம்தான்; லா பாஸின் விமான நிலையம் இருக்கும் எல் ஆல்ட்டோவோ சுமார் 4,060 மீட்டர், உலகத்திலேயே மிக உயரமான சர்வதேச விமான நிலையம் அதுதான். ஓடுபாதை 4 கிலோமீட்டர் நீளம், ஏனென்றால் காற்று அவ்வளவு மெலிசு, விமானம் கூடுதல் வேகத்தில்தான் ஏறவும் இறங்கவும் முடியும். அந்தக் காற்றில் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதியின் முதல் மாடிக்கு ஏறியவன் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் காதில் கேட்டது. ராத்திரி முழுக்கத் தலைவலி, விடியற்காலையில் வாந்தி. உயரத்தால் வரும் இந்த உபாதைக்கு அங்கே சொரோச்சே என்று பெயர். விடுதிக்கார அம்மா கோகா இலை போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து கொடுத்து, ‘மெதுவா நட, கொஞ்சமா சாப்பிடு, தனியாப் படு’ என்றார், அவர்கள் ஊரில் எல்லோருக்கும் சொல்கிற வாசகம் அது. இரண்டு நாள் அறையிலேயே போயிற்று.

அடுத்த தடவை குஸ்கோவிலிருந்து பேருந்து. குஸ்கோ 3,400 மீட்டர், டிட்டிகாகா கரையில் பெரு பக்கத்து ஊரான புனோ 3,800க்குக் கொஞ்சம் மேல், பொலிவியா பக்கத்து ஊரான கோபகபானாவும் அதே அளவு, லா பாஸ் நகர மையம் 3,600 சொச்சம். அதாவது இந்த வழியில் வந்தால் லா பாஸ் உங்களுக்கு ஓர் இறக்கம், உடம்பு அதற்குள் பழகியிருக்கும். எனக்குத் தலைவலிகூட வரவில்லை. ஆனால் கடலோர லிமாவிலிருந்து குஸ்கோவுக்கே விமானத்தில் போகிறீர்கள் என்றால் அங்கேயும் இதே சிக்கல்தான், முதல் இரண்டு இரவை 2,800 மீட்டரில் இருக்கும் ஒய்யந்தாய்தாம்போ பக்கம் கழித்துவிட்டு மேலே வாருங்கள். பெரியவர்களோ இதய நோய் உள்ளவர்களோ கூட வந்தால் கிளம்புமுன் மருத்துவரைப் பாருங்கள்.

புனோவிலிருந்து கோபகபானா சுமார் மூன்று மணி நேரம், நடுவில் கசானி எல்லை. பெரு பக்கம் முத்திரை வாங்கி, நடந்தே எல்லையைத் தாண்டி, பொலிவியா பக்கம் முத்திரை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த பேருந்து போயே போய்விடும். கோபகபானாவிலிருந்து லா பாஸ் நான்கு மணி நேரம் பிடிக்கும்.

அந்த நான்கு மணி நேரத்தில்தான் ஏரி குறுகும் திக்கினா நீரிணை வருகிறது. பாலம் கிடையாது. எல்லோரையும் இறக்கிவிட்டு, பேருந்து மட்டும் பலகை அடித்த ஒரு தட்டைத் தோணியில் ஏறிக்கொள்ளும். நாம் தனிச்சீட்டு வாங்கிச் சின்னப் படகில் போக வேண்டும், சில்லறை பொலிவியானோ கையில் இருக்கட்டும். படகில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், நம் பெட்டி படுக்கையோடு அந்தப் பெரிய வண்டி பலகைமேல் ஆடி ஆடி வருகிறது, தோணிக்காரர் நீளக் கழியால் ஊன்றித் தள்ளுகிறார், சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளித் தண்ணீர். பாஸ்போர்ட்டை வண்டியில் விட்டுவிடாதீர்கள். கடலே இல்லாத பொலிவியாவின் கடற்படைத் தளம் ஒன்றும் இந்தக் கரையில்தான் இருக்கிறது, 1879இல் தொடங்கிய போரில் சிலியிடம் இழந்த கடற்கரையை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

தோணி பயமாக இருந்தால் தெசாகுவாதேரோ எல்லை வழியாக வரும் பேருந்தில் ஏறுங்கள், அதில் தோணி ஏற வேண்டியதில்லை. சிலியின் அரிக்காவிலிருந்தும் பேருந்து உண்டு, ஆனால் கடற்கரையிலிருந்து சில மணி நேரத்தில் 4,600 மீட்டர் ஏறிவிடும், குழந்தைகளோடு வருபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். சாலை மறியல் பொலிவியாவில் அடிக்கடி நடக்கும், முந்தின நாளே பேருந்து நிலையத்தில் விசாரித்துவிடுங்கள். வழி அடைபட்டால் மட்டும் விமானம்.

இன்னொன்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெரு, பொலிவியா போய்விட்டு இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமையில் வைத்துவிடுவார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

அப்புறம், கோபகபானா பேருந்து எல் ஆல்ட்டோவுக்குள் நுழைந்ததும் நெரிசலில் மாட்டும், வியாழன், ஞாயிறு சந்தை நாள் என்றால் நகரவே நகராது. சுமை குறைவாக இருந்தால் ரியோ செக்கோவில் இறக்கிவிடச் சொல்லி நீலத் தடக் கேபிள் காரில் ஏறுங்கள். கடைசி நிலையத்தில் சிவப்புத் தடத்துக்கு மாறினால் பத்தே நிமிடத்தில், கல்லறைத் தோட்டத்துக்கு மேலாக மிதந்து, லா பாஸின் பழைய ரயில் நிலையத்தில் இறங்கிவிடலாம். பெரிய பெட்டிகள் இருந்தால் பேருந்திலேயே உட்கார்ந்திருங்கள்.